பதிலுக்கு விட்ட இடைவெளி

செல்லத்துரை அண்ணாச்சி இறந்துபோன செய்தி விடிந்ததும் விடியாததுமாக வந்தது. குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருக்கும் பால்துரைதான் போன் செய்தார். "டீச்சர், நம்ம அண்ணாச்சி போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். நான் கடையநல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். பஸ்ஸுக்காக நிற்கையில், எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. திறந்தால் அண்ணாச்சி. "குட் மார்னிங் எவ்ரிபடி. ஐ குட் ஸ்பெண்ட் த மார்னிங் அட் ஹோம்." பிறகு, நாம் திருப்பிச் சொல்வதற்காக அவர் வழக்கமாக விடும் இடைவெளி. பிறகு, "குட். நெக்ஸ்ட்." வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

தென்காசியில் மருந்துக் கடை மாடியில் அவர் நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு உங்களில் பலர் வந்திருப்பீர்கள். வளைகுடா வேலைக்குக் காத்திருந்தவர்கள், லாட்ஜ்காரர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குறுகலான படியில் ஏறியவர்கள்தாம். பெண்கள் வகுப்பு மட்டும் என் பொறுப்பு. செலவழிப்பதைப் பற்றிய பாடம் என்றால் அண்ணாச்சிக்குத் தனிக் குஷி. "மனுசன் பேசுத பேச்சுல பாதி, காசை எதுல விட்டோம், பொழுதை எதுல விட்டோம்ங்கிறதுதான். ரெண்டுக்கும் ஸ்பெண்ட்னு ஒரே வார்த்தை வச்சிருக்கான். பாதி வேலை மிச்சம்லே" என்பார்.

ஒரு சீசனில், எண்ணெய் தேய்க்கும் இசக்கி தொங்கிய முகத்துடன் வந்து நின்றார். வெளியூர்க்காரர் ஒருவரிடம் "யூ மஸ்ட் ஸ்பெண்ட் ஒன் ஹவர் வித் மீ" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாராம். வகுப்பே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மஸ்ட்னா சட்டையப் பிடிச்சு இழுக்க மாதிரி இசக்கி. யூ குட் ஸ்பெண்ட்னு சொல்லு. குட்னா கதவைத் தொறந்து வச்சிட்டு நீ ஒதுங்கி நிக்க மாதிரி" என்றார். அடுத்த வாரம் இசக்கி ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு வந்தார். அப்படித்தான் அவர் பாடம் நடத்தினார்.

அடக்கம் முடிந்த மறுநாளும் காலையில் அதே நேரத்துக்குப் பதிவு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சிலர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். பால்துரை என்னை அழைத்தார். அவ்வளவு பெரிய மனிதரின் குரல் ஒடுங்கிப்போயிருந்தது.

"டீச்சர், அவங்க சொல்லி நிறுத்துத எடத்துல யாரோ மூச்சு விடுத சத்தம் கேக்கு. நேத்து நான் பயந்துபோயி திருப்பிச் சொல்லவே இல்ல. சொல்லாமலே குட்னு சொல்லுதாங்க டீச்சர். நீங்க போயி மதினிகிட்ட பேசி நிறுத்தச் சொல்லுங்க."

அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து பதிவு செய்ய மாட்டார். "எதிர்க்க ஒரு ஆள் சொல்லணும் ஜமீலா. இல்லைன்னா நாம விடுத இடைவெளி பொய்யாப் போயிரும்" என்பார். எதிரில் இருப்பவர் சத்தம் போட்டுச் சொன்னால் அது பதிவாகிவிடும். அதனால் அவர் மனைவி மரகதம் மதினி ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லுவார். மதினியின் உதடு நின்றதும் இவர் "குட்" என்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது, மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுவதுபோல இருந்தது. அவர்களுக்கு அது சாதாரணம். காபி குடிப்பதுபோல முடித்துவிட்டு எழுந்துபோவார்கள்.

மேலகரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "ஐ வுட் ராதர் ஸ்பெண்ட் த மணி ஆன் புக்ஸ்." வாசலிலேயே நின்றுவிட்டேன். இடைவெளி வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நானும் அந்தக் "குட்"டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அது வந்த பிறகுதான் எட்டிப் பார்த்தேன். அவருடைய நாற்காலியில் போன் இருந்தது. எதிரே ஸ்டூலில் மதினி. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"மதினி, இப்ப யாரும் பதிவு பண்ணலையே. சத்தமாவே சொல்லலாம்லா" என்றேன்.

"வரமாட்டேங்கு ஜமீலா. பழகிட்டு" என்றார்.

காலையில் பதிவுகளை அனுப்புவது அவர்தான். அண்ணாச்சி இருக்கும்போதும் அதை அவர்தான் செய்துவந்தாராம். எங்கள் யாருக்கும் அது தெரியாது. குழுவில் எல்லாரும் பயப்படுவதை மெல்லச் சொன்னேன்.

"தெரியும். ஆனா அனுப்பாம விட்டா, அவங்க போயிட்டாங்கன்னு நானே எல்லாருக்கும் சொல்லுத மாதிரில்லா இருக்கு." புடவைத் தலைப்பால் போனைத் துடைத்தார். "இன்னைக்கு அனுப்புனதோட தீந்துட்டு. ஒண்ணே ஒண்ணு பதியாமக் கெடக்கு. அவங்க எதையும் எங்கிட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் பதிவாங்க. அதையும் சொல்லிப் பாத்தாங்க. அதை மட்டும் நீ சொல்லிரு. அதோட இந்த போனை அணைச்சிருதேன்."

என்ன வாக்கியம் என்று கேட்டேன். மதினி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. திரும்பச் சொல்லச் சொல்லி, குனிந்து, உதட்டையே பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தேன். "ஐ ஷுட் ஹேவ் ஸ்பென்ட் மோர் டைம் லிஸனிங் டு யூ." உன் பேச்சைக் கேட்பதில் நான் இன்னும் நேரம் செலவழித்திருக்க வேண்டும் என்று பொருள். அண்ணாச்சி சொன்னதா, மதினியே சொல்வதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் வாயைத் திறந்துவிட்ட மனிதர், வீட்டில் ஒருத்தியை இத்தனை காலம் வாயசைக்க மட்டும் வைத்திருந்தாரே என்று இருந்தது. அஞ்சலியில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஒதுக்கி எழுதியிருந்தால் அவரே சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவருடைய நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் உட்கார்ந்தேன். பட்டனைத் தட்டி, வாக்கியத்தைச் சொன்னேன். நிறுத்தினேன். மதினியின் உதடுகளைப் பார்த்தேன். அவை அசையவில்லை. இறுக மூடியிருந்தன. இடைவெளி நீண்டது. தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. அணைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"குட். நெக்ஸ்ட்."

சொன்னது மதினிதான். பெண்குரல்தான். ஆனால் அந்தக் "குட்"டைத் தொண்டைக்குள்ளேயே போட்டு அமுக்குவதும், "நெக்ஸ்"டைக் கொஞ்சம் இழுத்து விடுவதும் அண்ணாச்சியுடையவை. அச்சு அசல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மதினியும் பயந்துபோய்த் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "அழிச்சிராத ஜமீலா. அப்படியே அனுப்பு" என்றார். அது அவருடைய சொந்தக் குரல். கரகரத்திருந்தது.

அனுப்பினோம். அன்று யாரும் குழுவை விட்டுப் போகவில்லை. முதலில் பால்துரை அந்த வாக்கியத்தைத் தன் குரலில் திருப்பிச் சொல்லிப் போட்டார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. பின்னால் இசக்கி, அப்புறம் ஒவ்வொருவராக. மதினி எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார். கடைசிக் குரலும் முடிந்த பிறகு, சொன்னபடியே போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்தார். "காபி போடுதேன், இருந்து குடிச்சிட்டுப் போ" என்றார். பேசிக்கொண்டே இருந்தார். நான் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த மாடி வகுப்பை நான் நடத்துகிறேன். அண்ணாச்சியின் புத்தகங்களை மதினி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் வைத்துக்கொண்டது அந்த இடைவெளியை மட்டுந்தான். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். எல்லாரும் திருப்பிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உடனே "குட்" சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இன்னும் ஒருவர் சொல்லி முடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.