சோதனை நாளுக்கு மட்டும் சாமைக் கஞ்சி

1. முதல் நாள்

கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த அன்று, நான் முதலில் போனது சின்னப்பையன் வீட்டுக்கு. அவர் மனைவி கர்ப்பமாக இருந்தார். பானையில் சாமைச் சோறு. நான் மலைக்குக் கீழே வடக்கனந்தல்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னும் சாமைதானா? ரேஷன்ல அரிசி போடறாங்க இல்ல, அத ஆக்குங்க" என்றேன்.

அப்படி எந்த நர்சிங் பாடத்திலும் இல்லை. அரிசி தின்பவர்கள்தான் நாகரிகமானவர்கள் என்று நான் வளர்ந்த வீட்டில் ஒரு நினைப்பு. அடுத்த முறை போனபோது பானையைத் திறந்து அரிசிச் சோற்றைக் காட்டினார்கள். பாராட்டிவிட்டு வந்தேன்.

2. நல்ல ரீடிங்

இருபது வருடத்தில் சாமை விளைந்த சரிவெல்லாம் மரவள்ளியாகிவிட்டது. மூன்று வேளையும் அரிசி. சின்னப்பையனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதே வாயால் இப்போது, "அரிசியைக் கம்மி பண்ணுங்க, சாமை சாப்புடுங்க" என்றேன்.

மாதம் ஒரு முறை வெறும் வயிற்றில் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்ப்பேன். ரீடிங் எப்போதும் நன்றாகவே இருக்கும். கார்டில் 'கன்ட்ரோல்' என்று எழுதுவேன். ஊரில் மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டினேன்.

ஒருநாள் தடுப்பூசி வேலையாக அந்தப் பக்கம் போனவள், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தேன். காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு நிறைய அரிசிச் சோறு. துணியைப் பிரித்தால் புண் கறுத்திருந்தது. ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்தேன். அளவு மீட்டருக்கே எட்டவில்லை; எண் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது.

"இன்னாண்ணே இது? போன வாரம் நல்லா இருந்துச்சே."

"நீங்க வர்ற நாளு தெரியும் இல்லீங்க, நர்சம்மா. மூணு நாளு முன்னாடியே மலைக்கு அந்தாண்ட அக்கா வூட்ல கொஞ்சம் சாமை வாங்கியாந்து, வெறும் கஞ்சி குடிச்சிக்கினு இருப்பேன். அம்மாந் தூரம் ஏறி வரீங்க, ஒங்க மனசு நோவக் கூடாது."

வருகிறவருக்குப் பிடித்ததை ஆக்கி வைப்பது அவர்கள் வழக்கம். அதைத்தான் இத்தனை நாளும் கார்டில் ஏற்றியிருக்கிறேன்.

"மத்த நாளும் சாமை தின்னா இன்னா?" என்று கேட்டேன்.

அவர் மனைவி சொன்னார்: "வெதை ஏதுங்க? நீங்க அரிசி ஆக்கச் சொன்னப்பவே சாமை போடறத வுட்டுட்டோம்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

3. கடைசியாக

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவர் பாதத்தை எடுத்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மீட்டரைப் பார்க்குமுன் பானையைப் பாருங்கள். அதற்கும் முன்னால் வாயை அடக்குங்கள்.

ஓய்வு பெறும் வாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் மனைவி சோற்றுப் பானையைத் தட்டால் மூடினார். பிறகு, "இப்ப இன்னா ஆக்கணும், நர்சம்மா? நீங்களே சொல்லுங்க" என்றார்.