மிச்சச் சுண்ணாம்பு

பழைய கல்லறை என்றால் எனக்குக் கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஈப்போவில் கடைகடையாக ஏறி இறங்குவார்கள். நான் தேவாலயத்துக்குப் பின்னால் புல்லுக்குள் நிற்பேன். சீனக் கொத்தனார் செதுக்கிய தேவதூதன் ஒருவன் அங்கே இருக்கிறான். அவன் காலடியில் சீனக் கோயிலில் காண்கிற அதே சுருள் மேகம்! ஒரு துரையின் கல்லில் அவர் வேலை பார்த்த ஈயச் சுரங்கமெல்லாம் வரும். பக்கத்தில் கிடக்கும் பெண்ணுக்கு ‘அவர் மனைவி’, அவ்வளவுதான். பெயர் போட இடமா இல்லை? பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

“ஊரான் கல்லறையெல்லாம் பாக்குற, உங்கண்ணன் கல்லறைய ஒரு தடவ காட்டேன்டி” என்றாள் அம்மா.

அண்ணன் அவளுடைய முதல் பிள்ளை. நான் பிறப்பதற்கு முன்பே சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், சின்னப் பிள்ளையாகவே காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் செய்த கையோடு அப்பா அவளை ஈப்போவுக்கு அழைத்து வந்துவிட்டார். அவர் இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஈரச் சிமெண்டில் பால்மரம் வெட்டும் கத்தியால் அவரே பெயரைக் கீறினார் என்பது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கிளம்பினோம். ரப்பர் மரமெல்லாம் போய், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை ஆகியிருந்தது. மாதா கோயில் மட்டும் நின்றது. பின்னால் கல்லறைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சின்னக் கல்லறைகள் ஒன்றிலும் எழுத்தே இல்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது.

தன் மாமனாரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, வேலை முடிந்ததும் வாளியில் மீந்ததைப் பக்கத்துக் கல்லறையில் பூசினார். “மிச்சத்த வூட்டுக்குக் கொண்டு போகக் கூடாது லா. ஆளில்லாத கல்லுக்குப் பூசிட்டுத்தான் போவோம். தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் எழுத்து அழியவில்லை, சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது! குடையை விரித்து வெயிலை மறைத்தேன். கைப்பேசி விளக்கைச் சாய்த்து அடித்தால் சின்னப் பள்ளத்திலும் நிழல் விழும். ஒவ்வொரு கல்லாகத் தவழ்ந்தேன். வேலியோரக் கல்லில் கோணல்மாணலாக ஓர் எழுத்து தெரிந்தது, பிறகு முழுப் பெயரும்.

“அம்மா, ஓடி வா! அண்ணன்!” என்று கத்திவிட்டேன்.

அவள் அந்தப் பள்ளங்களை விரலால் தடவினாள். நான் அவசர அவசரமாகப் பையிலிருந்து பேனாக்கத்தி ஒன்றை எடுத்தேன். பெயரைப் பளிச்சென்று வெளியே கொண்டு வந்துவிட வேண்டும் எனக்கு.

“சொரண்டாத” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் வராத வருசமெல்லாம் யாரோ வந்து பூசியிருக்காங்க. பெத்தவதான் வரல. எம்புள்ள ஆளில்லாம கெடக்கல.”

பிறகு அந்த அக்காவைப் பார்த்து, “சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?” என்றாள்.