எழுத்து மாறிய விசைகள்

லிஃப்டைப் பழுது பார்க்கும் லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஸ்பானர் பிடித்தால் கை பறக்கும். கணினி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அமுக்குவார். கோழி கொத்துகிறது என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அவருடைய மடிக்கணினி வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திக் கழித்தது. விசைகளில் எழுத்துகள் வேறு வரிசையில் அச்சாகியிருந்தன. பார்த்துப் பார்த்து அடிப்பவருக்கு வரிசை எதுவானால் என்ன? ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை. அது அடிக்கடி உறையத் தொடங்கியதும் மனைவியின் தம்பியிடம் கொடுத்தார். அவன் பழையதை அழித்துப் புது இயங்குதளம் போட்டான். 'mazhai' என்று கடவுச்சொல் வைத்து, தானே இரண்டு முறை திறந்தும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடைவீதியில் ஒரு கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு துணிக்கடை, மேலே வீடுகள். லிஃப்ட் துணிக்கடைக்கும் முதல் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. உறிஞ்சும் மருந்தைத் தெருமுனையில் இருக்கும் தன் தையல் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அது ஊரின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும்.

லிஃப்ட்காரர் போனபோது கட்டடக் காவலாளி தையல் கடைக்கு ஓடி மருந்தைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொடுக்கத்தான் வழியில்லை. லிஃப்டின் கதவுக்கு எதிரே வெறும் சுவர், கூரையிலும் திறப்பு இல்லை. பழைய லிஃப்டாக இருந்தால் கையாலேயே மெல்ல இறக்கியிருப்பார். இது புது மாதிரி. கோளாறு வந்தால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மடிக்கணினியை இணைத்து, பிழையை நீக்கினால்தான் அசையும்.

முதல் மாடிக் கதவோரம் தரையில் உட்கார்ந்து கம்பியை இணைத்தார். கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்றது. கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது முறையும் அதே பதில். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னது கணினி.

லிஃப்டின் பேசும் கருவி வழியாக மூச்சு விசில் போல இழுத்தது. நடுவே ஒரு குரல்: "தம்பி... இருக்கீங்களா?"

"இங்கதாம்மா இருக்கேன். பேச வேண்டாம். குந்தி முன்னால சாஞ்சுக்குங்க. மெதுவா மூச்ச விடுங்க."

சொன்ன குரல் நிதானமாகத்தான் இருந்தது. சட்டைதான் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மைத்துனனை அழைத்தார். அதே சொல்தான் என்று அவன் அடித்துச் சொன்னான். அவரோ அவன்மேல் எரிந்து விழுந்தார்.

மறுபடி அடிக்க அனுமதி கிடைத்தது. அவசரத்தில் கடவுச்சொல்லுக்கு மேலே இருந்த பெயர்க் கட்டத்தில் அடித்துவிட்டார். அங்கே புள்ளிகளாக மறையாமல் எழுத்துகள் வெளியே தெரிந்தன. அவர் அமுக்கியது எம், ஏ, இசட். திரையில் இருந்தது வேறு.

"டேய், நான் எம் அமுக்கினா ஒரு அரைப்புள்ளி வருதுடா. ஏ அமுக்கினா க்யூ வருது."

மறுமுனையில் மைத்துனனின் குரல் இறங்கியது.

"மாமா... கீபோர்டு எந்த வகைன்னு அது கேட்டுச்சு. நான் கவனிக்காம அடுத்ததுக்குப் போயிட்டேன். நான் கீபோர்டப் பாத்து அடிக்கிறதில்ல, அதான் தெரியல."

அவன் விரல்கள் பழக்கப்பட்ட இடத்துக்குப் போயிருக்கின்றன. விசைமேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மாமாவுக்கோ அச்சுதான் எல்லாம்.

"இப்ப என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லு."

"எழுத்தப் பாக்காதீங்க. நான் இடத்தச் சொல்றேன். பேர்க் கட்டத்துலயே அடிங்க. என்னுக்கு வலப்பக்கம் இருக்கறது."

அமுக்கினார். எம் விழுந்தது.

"எஸ்ஸுக்கு இடப்பக்கம். அடுத்து எக்ஸுக்கு இடப்பக்கம்."

ஏ விழுந்தது, இசட் விழுந்தது. எச்சும் ஐயும் இடம் மாறவில்லை. திரையில் மழை என்ற சொல் சரியாக வந்து நின்றபோது லிஃப்டுக்குள் விசில் சத்தம் நின்றிருந்தது. காவலாளி சுவரில் காதை வைத்தான்.

"அண்ணே, சத்தமே வரல."

லிஃப்ட்காரர் பெயர்க் கட்டத்தில் அடித்ததை அழித்துவிட்டு, அதே விசைகளை அதே வரிசையில் கீழ்க்கட்டத்தில் அமுக்கினார். திறந்தது. பிழையை நீக்கினார். மோட்டார் முனகியது, லிஃப்ட் ஆமை வேகத்தில் மேலே ஏறியது. கதவு விலகியபோது, தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உதடு நீலம் பாரித்துக் கிடந்தார் தையல்காரம்மா. காவலாளி மருந்தை அவர் வாயில் வைத்து அழுத்தினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. மார்பு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது.

பேச முடிந்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "மேல எப்படித் தம்பி போறது?"

"படியிலதாம்மா. அவசரமில்ல, உக்காந்து உக்காந்து போலாம்."

லிஃப்ட்காரர் அவர் கையிலிருந்த துணிப்பையைத் தான் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, அவருக்கு மூச்சு சீரான பிறகே அடுத்த படியில் கால் வைத்தார்.

சாயங்காலம் மைத்துனன் வாசலில் வந்து நின்றான், முகத்தைத் தூக்க முடியாமல். லிஃப்ட்காரர் திட்டாமல் மடிக்கணினியை அவன்முன் நகர்த்தினார்.

"சரி பண்ணு. பண்ணிட்டு, ஒத்த விரலால, ஒவ்வொரு எழுத்தாப் பாத்து அடிச்சுக் காட்டு."

அவன் விசைப்பலகையின் வகையைத் திருத்தினான். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு எம் எங்கே என்று தேட ஆரம்பித்தான். அக்காள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஆனால் கோழி என்று சொல்லவில்லை.