செத்ததாக எழுதப்பட்ட சரிவு

ஆந்திர எல்லையில், நகரி ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் நாற்பது ஏக்கர் புதர்க்காடு. மணியம்மா அங்கே பதினொரு வருடம் கூலிக்கு இருந்தாள். களை பறிக்க அல்ல, செடிகளின் தாகத்தை அளக்க.

திருப்பதியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் நளினி அவளை வேலைக்கு வைத்திருந்தார். உச்சி வெயிலில் விராலிப் புதரின் கிளை ஒன்றை வெட்டி, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி இரும்புக் குடுவைக்குள் வைத்து இறுக மூடி, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றவேண்டும். வெட்டுவாயில் நீர் கசியும் கணத்தில் அழுத்தமானியின் முள் காட்டுகிற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் ஏற ஏற, மண்ணிலிருந்து நீரை இழுக்கச் செடி அவ்வளவு சிரமப்படுகிறது என்று பொருள். வேரிலிருந்து இலை வரை நீர் அறுபடாத இழையாகப் போகிறது. மண் காய்ந்தால் இழுக்கிற இழுப்பில் அந்த இழை அறுந்து, தண்டுக்குள் காற்று புகுந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் செடி இலைகளை உதிர்க்கிறது. அதுவும் போதாவிட்டால் நுனிக்கிளைகளைக் காயவிட்டு, வேரையும் அடித்தண்டையும் காப்பாற்றிக்கொள்கிறது. இதை மணியம்மா கோடைக்குக் கோடை கண்ணால் பார்த்தவள். ஏழு நோட்டுகள் அவள் கையெழுத்தில் நிறைந்திருந்தன.

ஆராய்ச்சி முடிந்த மறுவருடம் மழை பொய்த்தது. சித்திரையில் சரிவு முழுக்க விறகாக நின்றது. பசுமைத் திட்டத்து அதிகாரி ஒருவர் வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலே, புதர்கள் எல்லாம் மடிந்துவிட்டன, அகற்றிவிட்டு மரக்கன்று நடலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு மணியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மறுமுறை வந்தபோது ஜீப்பை மறித்து, ஒரு விராலியின் அடித்தண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். பட்டைக்குக் கீழே பச்சை ஈரமாக மின்னியது. அவர் சிரித்தபடி, நீ எந்த யூனிவர்சிட்டியில் படித்தாய் என்று தெலுங்கில் கேட்டார். அவளுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்டபாடு. ஆனால் ஆத்திரத்தில் தமிழ்தான் வந்தது.

"நான் காலேஜுல படிக்கலை சார். நீங்க படிச்சிக்கினு வந்தும் எறங்கிப் பாக்கலையே."

அடுத்த திங்கட்கிழமை நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு அர்ஜி மனு கொடுக்கப் போனாள். நளினியும் கடிதம் அனுப்பியிருந்தார். விசாரிக்கச் சொல்வதாக அங்கே சொன்னார்கள். ஊருக்குத் திரும்பினால், சரிவின் கீழ்ப்பாதியில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கிப்போட்ட வேர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். முறிந்த இடம் ஈரமாக இருந்தது. அவள் போய் இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்தாள். ஓட்டுநர் சிரஞ்சீவி, தான் கூலிக்கு ஓட்டுகிறவன்தான் என்று கெஞ்சினான்.

"நானும் கூலிக்காரிதான்பா. வெயில் தணியட்டும், எழுந்துக்கறேன்."

அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். நாலு மணிக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லி போன் வந்தது. மேல்பாதி பிழைத்தது. போன பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அங்கே வைத்த கன்றுகள் ஆடிக்குள் கருகின.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. பத்தே நாளில் மேல்பாதி விராலியும் ஆவாரையும் தளிர்விட்டன. மொட்டையாகக் கிடந்த கீழ்ப்பாதியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்தது. கார்த்திகையில் அதிகாரி கேமராக்காரரோடு வந்தார். திட்டத்தின் பெயர்ப்பலகையைக் கீழே நடாமல், பசேலென்றிருந்த மேல்பாதியில் நட்டுவிட்டுப் படம் எடுக்க நின்றார்.

விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மணியம்மா சுமையை இறக்கி வைத்தாள். நேராகப் போய்ப் பலகையைப் பிடுங்கினாள். அதிகாரி என்னென்னவோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. தோளில் சுமந்துகொண்டு இறங்கி, காய்ந்த கன்றுகளுக்கு நடுவில் பள்ளத்தின் ஓரத்தில் ஊன்றி, கல்லை முட்டுக்கொடுத்து மிதித்தாள்.

"இங்க நின்னு எடுத்துக்கோங்க சார். இதுதான் உங்க வேலை."

கேமராக்காரர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையையும் பள்ளத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.