கூடாரத்துக்குள் சாயிமா

மும்பை தாராவியில் சுலைகாவை அழுத்தக்காரி என்பார்கள். எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டாள், யாரிடமும் நின்று பேசமாட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து தோல் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பாள். கணவன் ஹமீது அவற்றைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவான். இருவருக்கும் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம்.

முன்பு அவள் அப்படி இல்லை. மகள் சாயிமாவுக்குப் பேச்சு வரவில்லை. இரைச்சல் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். இருந்தும் சுலைகா போகிற இடமெல்லாம் அவளைக் கூட்டிப்போனாள். ஒருமுறை காட்கோபரில் ஒரு நிக்காஹில் சாயிமா கத்தியபோது, சொந்தக்காரி ஒருத்தி, "இத எதுக்குக் கூட்டிட்டு வந்தே? வீட்டுலயே விட்டுட்டு வர வேண்டியதான?" என்றாள். சுலைகா சாப்பிடாமல் எழுந்து வந்தாள். அதன்பின் சில வருஷங்கள் மகளோடு எங்கேயும் போகவில்லை.

சாயிமாவுக்குப் பத்து வயது நடக்கும்போது ஒரு சனிக்கிழமை ஹமீது சொன்னான்: "ஒவ்வொரு நாட்டு ஜனமும் எப்படி வாழுதாங்கன்னு காட்டுத மியூசியம் ஒண்ணு இருக்காம். பிள்ளைங்க தொட்டுப் பாக்கலாமாம். நாளைக்குப் போவோமா?"

"அங்க வந்து இவ கத்துனா?"

"கத்துனா திரும்பி வந்துருவோம். டிரெயின் இருக்குல்லா."

சயான் ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி சாயிமா அமைதியாக வந்தாள். மியூசியத்தில் பெரு நாட்டுச் சால்வைகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜப்பான் காகித மீன்களை ஊதிவிட்டாள். சுலைகா மட்டும் எதையும் பார்க்கவில்லை. மகள் முகத்தையும் காவலாளிகளின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்த அறையில் யாரோ ஒரு பெரிய முரசை அடித்தார்கள். சாயிமா அலறினாள். தாயின் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினாள். "சாரி, சாரி" என்றபடி சுலைகா பின்னால் ஓடினாள். பக்கத்து அறையில் பிள்ளை இல்லை. படிக்கட்டிலும் இல்லை. ஹமீது வெளிவாசலுக்கு ஓடினான். ரோட்டில் போகும் பஸ்களை நினைத்ததும் சுலைகாவும் அவன் பின்னால் ஓடத் திரும்பினாள்.

அப்போது பெண் காவலாளி ஒருத்தி உதட்டில் விரல் வைத்து அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அங்கே மங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரம் ஒன்று கனத்த கம்பளியால் மூடப்பட்டிருந்தது. உள்ளே, விரிப்பில் கன்னத்தைப் பதித்துச் சாயிமா குப்புறப் படுத்திருந்தாள். அழுகை ஓய்ந்து மூச்சு சீராகியிருந்தது.

சுலைகா குனிந்து மகளின் முதுகைத் தடவினாள். ஆனால் கூடார வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அடுத்த பயம் வந்தது. இப்போதே இவளைக் கூட்டிப்போய்விடுகிறேன் என்று அவசரமாக இந்தியில் சொன்னாள். ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று காவலாளிக்குப் புரியவில்லை. ஏன் போக வேண்டும், உள்ளேதான் இடம் இருக்கிறதே, நீங்களும் போய் உட்காருங்கள் என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, உள்ளே ஒரு அக்கா படுத்திருக்கிறாள், சத்தம் போடாமல் போங்கள் என்று ஒவ்வொருவராக அனுப்பினாள்.

ஒரு சின்னப் பெண் சாயிமாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சாயிமா கை நீட்டி அவள் ரிப்பனைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். கம்பளிக்குள் வெளியே இருந்த சத்தம் வரவில்லை. சுலைகா சுவரில் சாய்ந்தாள். எப்போது கண் அயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"சுலைகா!" வியர்த்து வடிய ஹமீது வாசலில் குனிந்து நின்றான். "நான் ரோடு ரோடாத் தேடிட்டு வாரேன், நீ தூங்குதியா? பிள்ள கெடச்சிட்டுன்னு ஒரு போன் போடக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மறந்தே போச்சுங்க. இங்க பிள்ளைய யாரும் ஒண்ணுமே சொல்லல."

ஹமீது திட்ட வாயெடுத்தான். மகளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

முரசு அறையைத் தொடாமல் போகிற வழியைக் காவலாளி காட்டினாள். மீதி அறைகளையெல்லாம் சுலைகா நின்று நின்று பார்த்தாள். கேன்டீனில், "பசிக்குதுங்க" என்று தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த பெருநாளைக்கு மூவரும் தேவ்நாரில் சுலைகாவின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். சாயிமா அங்கேயும் ஒரு தடவை கத்தினாள். சுலைகா யாரிடமும் சாரி சொல்லவில்லை. அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் படுத்திருந்தாள். பிறகு இருவரும் எழுந்து வந்து எல்லோரோடும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள்.