பெருக்காமல் வகுத்த கணக்கு

ஒரு பெண்ணின் மேற்படிப்பை வெறும் கூட்டல், வகுத்தலாலேயே முடித்துவைக்கப் பார்த்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன வருடம், கல்லூரிச் சேர்க்கை சமயத்தில், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் நடந்தது இது.

தினமும் சென்னைக்கு ஆபீஸ் போகிறவன், வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு வதந்தி உண்டு. அதை நான் மறுத்ததில்லை. அப்படித்தான் பக்கத்து வீட்டுப் பெண், விலங்கியல் பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலோடு வந்து நின்றாள்.

"எம்.எஸ்சி.க்கு சராசரி அறுபது கேக்குறாங்க மாமா. நாளைக்குதான் கடைசி. எனக்கு வருதா பாரேன்."

வராவிட்டால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே கூட்டிப்போகிறேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பட்டியலின் பின்பக்கம் ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை ஓர் எழுத்து, அறுபதிலிருந்து வேறோர் எழுத்து என்று கிரேடுகள் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. அதைக் கம்பீரமாக விளக்கினேன். பிறகு எல்லாப் பாடங்களையும் கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். ஐம்பத்தெட்டு.

"மாமா, இந்த கிரெடிட்டுனு ஒரு கட்டம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அது ஆபீஸ் உபயோகத்துக்கும்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சமமாக எண்ணும் பழக்கம் எனக்கு வந்த இடம் வேறு. எங்கள் ஊரில் ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். அந்தச் சீட்டுகளை எழுதுவது நான். பெரிய வலைக்காரரானாலும் சின்ன வலைக்காரரானாலும் ஆளுக்கு ஒரு சீட்டுதான்; இதில் ஏற்றத்தாழ்வு பார்த்தால் ஊரே ரெண்டாகிவிடும். பாடங்களையும் அப்படியே ஆளுக்கொரு சீட்டு கொடுத்து உட்காரவைத்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? மதிப்பெண் மட்டும் வாழ்க்கையில்லை என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, பொன்னேரியில் ஏறிய ரயிலில், நண்பன் ஒருவனுக்கு இந்தச் சோகத்தைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் சற்றுப் பெரியது. எதிரே இருந்த கல்லூரிப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"சாரி அங்கிள், காதுல விழுந்துச்சு. கிரெடிட்டால பெருக்குனீங்களா?"

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். ராத்திரி போனில் எடுத்துவைத்திருந்த பட்டியலின் படத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு மார்க்கையும் அதன் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்தின் எடையால், பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தாள். முக்கியப் பாடங்களின் கிரெடிட் பெரியது. நம் பெண் அவற்றில் நன்றாகவே வாங்கியிருந்தாள். அவளைக் கீழே இழுத்ததெல்லாம் கிரெடிட் குறைந்த சில்லறைப் பாடங்கள். அதிலும் ஏரிக்கு நடுவே பிறந்தவள் கோட்டைவிட்டது சுற்றுச்சூழலில்!

அனுப்பம்பட்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது: அறுபத்திரண்டு.

நம் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். இருவரும் துறைமுக வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சான், ராத்திரி ஒரு கணக்கு, காலைல ஒரு கணக்கா?" என்றார்.

"திட்டுறத அப்புறம் திட்டு. பொண்ண கூட்டிக்கினு மீஞ்சூர் வா."

நான் மீஞ்சூரில் இறங்கி ஒரு பிரவுசிங் சென்டரில் இடம் பிடித்தேன். இருவரும் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். சர்வர் எங்களைப் படுத்தியெடுத்து, மத்தியானத்துக்கு மேல்தான் விண்ணப்பம் போனது. ஆபீசுக்கு அன்று மட்டம். அவளுக்கு இடமும் கிடைத்தது.

யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் எனக்குப் புரியாத கட்டத்தைத்தான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். பெயர் தெரியாத அந்த ரயில் பெண்ணுக்கு என்னால் முடிந்த நன்றி அவ்வளவுதான்.

சேர்க்கை முடிந்து ஸ்வீட்டோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மாவிடம், நல்லவேளை, கடைசி நேரத்தில் கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் அடக்கமாகவே சொன்னேன்.

"அவ அறுபத்திரண்டுனு மொதல்லயே சொன்னாண்ணா" என்றாள் அவள். "நாங்கதான் எதுக்கும் படிச்சவர ஒரு வார்த்தை கேட்டுக்கோனு உன்னாண்ட அனுப்புனோம்."