சூப்பர்வைசரின் சணல்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லாரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டும் மெஷினுக்குள் அட்டையைத் தள்ளிக்கொண்டே முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாள். பாவி மெஷின் ஒருநாள் அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் பாதியை வாங்கிக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு வேலை செய்திருந்தால் விரல் இருந்திருக்கும், நஷ்டஈடெல்லாம் கிடையாது என்றார் சூப்பர்வைசர். ஆனால், விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரியம்மா, வேலையில் அடிபட்டால் கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்றுவிட்டார். பாதுகாப்புத் தடுப்பைத் தொழிலாளியே வேண்டுமென்றே அகற்றியிருந்தால்தான் சிக்கலாம். சூப்பர்வைசர் அந்தக் கணமே பேச்சை மாற்றினார். தடுப்பைத் தூக்கிக் கட்டியதே இவள்தான் என்று கூசாமல் புளுகினார்.

கத்திக்கு முன்னால் இறங்கும் அந்தக் கம்பித் தடுப்பு ஒவ்வொரு அட்டைக்கும் ஏறி இறங்கினால் வேலை ஆமை வேகத்தில்தான் நகரும். அதனால் தினமும் காலையில் அதைத் தூக்கிச் சணலால் கட்டிவிடுவது சூப்பர்வைசர்தான். பட்டறைக்கே தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கோ, விசாரணை என்பதால், தடுப்பு துடைத்த பாத்திரமாகப் பளபளவென்று கீழே தொங்கியது. அரை விரலோடு இனி எந்தப் பட்டறை அவளைச் சேர்க்கும்? வீட்டில் அடுப்பெரிய வேண்டுமென்றால் இந்த நஷ்டஈடு வந்தே ஆகவேண்டும்.

மெஷினை எப்படி ஓட்டுவீர்கள் என்று அதிகாரியம்மா கேட்டதும் அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னால முடியாது மேடம். சார் ஓட்டிக் காட்டட்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவர் வேகம் இங்க யாருக்கும் வராது."

சூப்பர்வைசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மெஷினோடு மல்லுக்கட்டி மேலே வந்த மனுஷர் அல்லவா! சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று ஒரு அட்டையைத் தள்ளினார். தடுப்பு மெல்ல ஏறி இறங்கியது. அவள் பின்னாலிருந்து, இவ்வளவு மெதுவாக ஓட்டினால் லோடு எப்போது ஏறும் என்று முதலாளி குரலில் ஒரு அதட்டல் போட்டாள். பழக்கதோஷம், சூப்பர்வைசரின் கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. சணலை உருவினார், தடுப்பைத் தூக்கினார், மேல்கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

அதிகாரியம்மா சணலைப் படம் எடுத்துக்கொண்டார். பசை காய்ச்சுகிறவர் மெல்ல முன்னால் வந்து, தினமும் இதே கதைதான் என்றார். அவர் பின்னாலேயே எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது.

ரேடியோ சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை முந்திக்கொண்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்:

"அவிழ்த்துடுங்க சார். உங்க விரலாவது இருக்கட்டும்."